மூன்றாம் தரச் சாட்சி

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிமிஷம் மேடம். வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரைக்கும் அதே பெயர்தான்; இயக்குநர் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வார். கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தால், அலை எந்தக் கரைக்கு எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவருடைய வேலை. அந்தப் பெயர் பாராட்டா கிண்டலா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கெல்லாம் தெம்பு இல்லாத மனுஷி. காலையில் வரும்போதே மாலையில் வீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் வருவார்.

நான் கீழே, தரைத்தளத்தில் இருக்கிறேன். என் பொறுப்பில் நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் சாய்வாகப் பலகை வைத்து, அதன்மேல் ஜல்லியும் ஈர மணலும் குவித்து, தடுப்பை உருவிவிடுவேன். குவியல் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும், மறுமுனையில் அலை ஏறும். அதை அளந்துவிட்டு, தண்ணீரை வடித்து, ஜல்லியை வாரிக் கழுவி, மறுபடியும் குவிக்க வேண்டும். கடலடி நிலச்சரிவை ஆராய்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நிஜத்தில் பாதி நாள் ஜல்லி வாருகிறேன். முதுகு போய்விட்டது.

மேல்மாடிக்காரர்களுக்கு எங்கள்மேல் எப்போதுமே ஓர் இளக்காரம். பெரிய அலை என்றால் அது நிலநடுக்கத்தால்தான் வரும், சரிவு கிரிவு எல்லாம் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது என்பது அவர்கள் நினைப்பு. அவர்களுக்குக் குளிரூட்டிய அறை, வரிசையாகக் கணினிகள். எங்களுக்கு ஈரத்தரை, ஒழுகும் குழாய். நிமிஷம் மேடமும் மேல்மாடிதான். ஆனால் அவர் எங்களை இளக்காரமாகப் பார்த்ததில்லை; பார்த்ததே இல்லை என்பதுதான் சரி.

அவருடைய கதையைச் சொல்வதென்றால் அக்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டே பெண்கள் இருந்த வீடு. அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. தங்கைக்கு அது தவிர வேறெதுவும் ஏறவில்லை. அக்கா ஒரு சின்னத் துறைமுக ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு போனார். அங்கே படகுத்துறையின் கோடியில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கை அப்போதுதான் எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நிலநடுக்கம். கடலில் வெகு தொலைவில் தரை பிளந்தது. அந்த ஊர் நன்றாகக் குலுங்கியது, ஆனாலும் வீடுகள் பெரிதாக விழவில்லை. விழாமல் நின்ற வீடுகளை அலை வந்து கொண்டுபோனது. கரையோரத்தில் கீழ்வரிசை என்று சொல்லும் தெரு ஒன்று இருந்தது. அங்கிருந்து தப்பி வந்தவர் அக்காவின் கணவர், அந்த வெல்டர் மட்டும்தான். நான்கு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு குன்றுப் படிகளில் ஏறிவிட்டார். மனைவி ஐஸ் தொழிற்சாலையில் இருந்தார். தொழிற்சாலையே இல்லாமல் போய்விட்டது.

அலை போன பிறகு எங்கள் ஆட்கள் அளவுகோலையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம், மரத்தில் குப்பை எங்கே சிக்கியிருக்கிறது என்று அளப்பார்கள். பிழைத்தவர்களைக் கேட்பார்கள். தரை ஆடியபோது எங்கே இருந்தீர்கள், எத்தனை நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது? பிணம் தேடிக்கொண்டிருப்பவரிடம் போய் இதையெல்லாம் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் அதைவிட நாக்கூசும் வேலை கிடையாது.

சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டோம், தரம் பிரிப்போம். சுவர்க்கறை மாதிரி கையால் தொட்டு அளக்கிற சாட்சியம் முதல் தரம். பதறாமல் பார்த்தவர் சொன்னதும், அதை இன்னொருவர் ஒத்துச் சொன்னதும் இரண்டாம் தரம். அந்தத் தண்ணீரில் சொந்த மனுஷரைப் பறிகொடுத்தவர் நேரத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அது மூன்றாம் தரம். துக்கப்படுகிறவருக்கு நேரம் சுருங்கும், இல்லாவிட்டால் இழுக்கும். அவர் கணக்கை நம்பாதே என்பது எங்கள் வழக்கம். மூன்றாம் தரம் கோப்பில் இருக்கும். கணக்கில் ஏறாது.

வெல்டர் சொன்னது மூன்றாம் தரம். தரை ஆடி நின்ற உடனே தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் நேரே கடலிலிருந்து வரவில்லை, இடதுபக்கம், கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையை ஒட்டிக் கறுப்பாக வந்தது என்று அவர் சொல்லியிருந்தார். சொந்தக்காரரை நாமே விசாரிக்கக் கூடாது என்பதால் வேறு யாரோ போய்ப் பதிவுசெய்து வந்தார்கள். தரம் பிரிக்கும் கூட்டத்தில் மட்டும் மேடம் இருந்தார். மூன்று என்று அவர்தான் முதலில் சொன்னாராம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறார் என்று எல்லோரும் அன்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த ஊருக்கு அலை வந்துசேர இருபத்தைந்து நிமிஷம் என்று அவர் கணக்குப் போட்டார். அவர் பெயரில் வந்த முதல் பெரிய வேலை அதுதான். குன்றின் மேலிருந்து பார்த்தவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் சொன்ன நேரத்தோடு அச்சாகப் பொருந்தியது. நிமிஷம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். கணக்கில் தப்பும் இல்லை, பெரிய அலை அந்த நேரத்தில்தான் வந்தது. அந்தக் கணக்கு யார் தலையில் போய் விடியும் என்றுதான் யாரும் யோசிக்கவில்லை.

நிலையம் அந்த ஊரில் ஒரு பலகை வைத்தது. குன்றுப் படிகளின் அடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. 'நிலம் அதிர்ந்தால் இருபத்தைந்து நிமிடங்களில் அலை வரும். பதறாமல் படியேறுங்கள்.' நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். பலகைக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தவர் அந்த வெல்டர். ஊரில் வேறு வெல்டர் இல்லை. கீழ்வரிசையை மறுபடி கட்ட விடாததால் அவருடைய பட்டறையும் படியடிக்கு வந்திருந்தது. தினமும் காலையில் கதவைத் தூக்கினால் எதிரே அந்தப் பலகை.

இருபத்தைந்து நிமிஷம் இருந்திருக்கிறது. ஐஸ் தொழிற்சாலைக்கு ஓடினால் எவ்வளவு நேரமாகும்? போய்ப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே? ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேரே இதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பெரிய கொடுமை. வேலை கொடுப்பார்கள், காசு கொடுப்பார்கள், உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச மாட்டார்கள்.

மேடமும் கேட்கவில்லை. குழந்தையை மட்டும் தன்னிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “அங்க தனியா எப்படி வளப்பீங்க அத்தான், பள்ளிக்கூடம் எல்லாம் இங்க வசதி” என்றாராம். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீடு, துணி காயும் பால்கனி, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் அவருடைய வரைபடங்கள், மறு பாதியில் பெண்ணின் பாடப்புத்தகங்கள். வாழ்க்கை அப்படியே ஓடியது.

ஆரம்பத்தில் விடுமுறைக்கு அப்பாவிடம் போய்வந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். பிறகு ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து மாணவர்களை அந்த ஊருக்கே சுற்றுலா அழைத்துப் போனார்கள். பலகையைக் காட்டி ஆசிரியை விளக்கினார். “கரையிலேர்ந்து படி ஏறி மேல போக எவ்வளவு நேரமாகும்னு பாப்போமா?” என்று எல்லோரையும் ஓடவிட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தப் பெண்ணும் ஓடினாள், ஓடி முடித்துவிட்டு மனக்கணக்குப் போட்டாள். கணக்கில் சித்தியைப் போலவே கெட்டி, பாவம்.

வீட்டுக்கு வந்து, “சித்தி, அப்பாவுக்கு அம்மாவக் கூட்டிட்டு வர நேரம் இருந்துச்சா?” என்று கேட்டிருக்கிறாள். மேடம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் அப்பாவிடம் பேசவில்லை. அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவர் எப்போதாவது நேரில் வந்தால் தோழி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள். இத்தனை வருஷமும் மகள் வாயிலிருந்து ஒரு 'அப்பா' இல்லாமல் அந்த மனிதர் இரும்பை ஒட்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேடமே சொன்னார். சொல்ல வைத்தது ஒரு கடலடி வரைபடம்.

அந்தத் துறைமுகத்தை ஆழப்படுத்துவதற்காக ஒரு படகு விரிகுடா முழுக்க ஒலியலை விட்டு ஆழம் அளந்திருந்தது. அதன் நகல் ஒன்று, யாருக்கும் வேண்டாதது என்பதால், தரைத்தளத்துக்கு வந்தது. வேண்டாதவை எல்லாம் எங்களுக்குத்தான் வரும். அந்த நிலநடுக்கத்துக்கு முன்னால் எடுத்த பழைய ஆழப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முனையின் பக்கவாட்டில், தண்ணீருக்கடியில், சரிவில் ஒரு பெரிய துண்டைக் காணோம். ரொட்டியைக் கடித்து எடுத்த மாதிரி வளைவாக ஒரு பள்ளம், அதற்குக் கீழே ஆழத்தில் சேற்று மேடு. ஒரு மலைச்சரிவே கடலுக்கடியில் பெயர்ந்து இறங்கியிருக்கிறது. கரையிலிருந்து அதிக தூரமும் இல்லை.

நிலநடுக்கத்தின் குலுக்கலில் அது சரிந்திருந்தால், தூரத்து அலை வருவதற்கு வெகுமுன்பே அங்கே வேறொரு அலை கிளம்பியிருக்கும். ஊர் முழுக்க எட்டாது, கீழ்வரிசையையும் படகுத்துறையையும் அடித்துவிட்டுப் போகும். அதைப் பார்த்தவர்கள் யாரும் பேச உயிரோடு இல்லை, ஒருவரைத் தவிர. பிறகு வந்த பெரிய அலை சின்ன அலையின் தடத்தையெல்லாம் துடைத்துவிட்டது. குன்றின் மேலே ஓடிவந்து பார்த்தவர்கள் பார்த்தது பெரிய அலையை.

படங்களைச் சுருட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். மேடத்தின் மேசையில் விரித்தேன். பள்ளத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எப்ப சரிஞ்சதுன்னு தெரியுமா?”

“தெரியாது மேடம். பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் நடுவுல எப்ப வேணா சரிஞ்சிருக்கலாம்.”

“வெச்சிட்டுப் போங்க.”

சில நாள் கழித்துத் தரைத்தளத்துப் படியில் செருப்புச் சத்தம். நிமிஷம் மேடம் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் அளவுகள் எழுதிய தாள். “இந்தச் சாய்வு, இந்த அளவு சரிவு, இந்த ஆழம். உங்க தொட்டியில ஓட்ட முடியுமா?” என்றார். எனக்கு அன்றைக்கு முதுகுவலி உயிர் போனது. சொன்னேன். புடவையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்து அவரே ஜல்லியை வாரிப் பலகைமேல் கொட்டினார். வேண்டாம் என்று தடுக்கத்தான் நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

தடுப்பை உருவினேன். குவியல் சரிந்தது. அலை தொட்டியின் ஓரமாக, இடதுபக்கச் சுவரை ஒட்டிக்கொண்டு வந்து ஏறியது. தண்ணீர் சேறு கலங்கிக் கறுப்பாக இருந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவை ஓட்டினோம். தொட்டி நேரத்தைக் கடல் நேரமாக மாற்றிப் பார்த்தால் நான்கு நிமிஷத்துக்குப் பக்கத்தில் வந்தது. மேல்மாடியில் கணினியும் அதையேதான் சொல்லியிருக்கிறது. அவருக்கு அது போதவில்லை, கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். கையெல்லாம் சேறு.

“அத்தான் சொன்னது நெஜம்” என்றார். “கறுப்புத் தண்ணி, இடது பக்கம்னு சொன்னாரு. எல்லாத்தையும் அப்பவே சொன்னாரு.”

அப்போதுதான் மேலே சொன்ன கதை முழுவதையும் அந்த வாளிமேல் உட்கார்ந்தபடி சொன்னார். அழவில்லை. அழுவதற்குக்கூட அலுத்துப்போன குரல். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

இயக்குநரிடம் போனோம். பலகையை உடனே மாற்ற வேண்டும், அடுத்த தடவை தரை ஆடினால் ஜனங்கள் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறதென்று நிதானமாக நடப்பார்கள் என்று மேடம் சொன்னார். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரிவு இருக்கு, சரி. அன்னிக்குத்தான் சரிஞ்சதுன்னு யார் சொல்றது? ஒரே ஒரு ஆளு. அதுவும் மூணாம் தரம். உங்க சொந்தக்காரரு வேற. முறைப்படி மறுபடி ஒரு பதிவு எடுத்துட்டு வாங்க, குழுவுல வைக்கலாம்.”

முறை என்றால் இதுதான். சொந்தக்காரர் கேள்வி கேட்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் முன்பு சொன்னதை அவருக்கு நினைவுபடுத்தவும் கூடாது, போட்டுக் காட்டவும் கூடாது. செய்தால் அவர் சாட்சியே இல்லை. ஆகவே கேள்வி கேட்க நான் போனேன். மேடம் கூட வந்தார். முந்தின நாள் வீட்டில் மகளிடம், அக்கா மகளை அவர் அப்படித்தான் சொல்வார், நான்கு நிமிஷக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அவள் “நானும் வரேன்” என்று மட்டும் சொன்னாளாம்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். படியடியில் தகரக் கூரை போட்ட பட்டறை, முன்பக்கம் முழுக்கத் திறந்தது. வெல்டர் முகக்கவசத்தோடு ஒரு வாயில்கதவை ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கவசத்தைத் தூக்கினார். நரைத்த, ஒடுங்கிய முகம். மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். கையில் இருந்த கம்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“வாம்மா” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியாத மாதிரி பொதுவாகச் சொன்னார்.

பெண் உள்ளே வரவில்லை. வாசலில் உட்காரப் போட்டிருந்த மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒரு முக்காலியைத் துணியால் துடைத்தார், போதாதென்று தன் சட்டை முனையாலும் துடைத்து மேடத்திடம் தள்ளினார். தேநீர் வாங்கிவர ஓடினார். நான்கு கோப்பை வாங்கிவந்து, ஒன்றை மட்டும் கொண்டுபோய் வாசல் பலகையில் மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பி வந்தார்.

ஒலிப்பதிவைப் போட்டேன். வழக்கமான கேள்விதான். “தரை ஆடினப்ப எங்க இருந்தீங்க?”

“இங்கதான்... அப்ப பட்டறை கீழ்வரிசையில. பாப்பா பெஞ்சுக்கடியில வெளையாடிட்டு இருந்துச்சு.”

“ஆடி நின்னப்புறம் என்ன பண்ணீங்க?”

அவர் மூச்சை இழுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, தடுமாற்றமே இல்லாமல். “மொதல்ல கேஸ் சிலிண்டர மூடினேன். அப்புறம் சாமான் எல்லாம் எடுத்து உள்ள வெச்சு ஷட்டர எறக்கிப் பூட்டினேன். துறைமுகக் காவல்காரரு வந்தாரு. ஒண்ணும் ஆகாது, பயப்படாதன்னாரு. அவரோட நின்னு பேசிட்டு இருந்தேன். ஒரு சிகரெட் பிடிச்சேன். ஐஸ் பாக்டரி பக்கம் போலாமான்னு யோசிச்சேன். அவ வந்துருவான்னு நெனச்சேன். போகல. நின்னுட்டே இருந்தேன். அப்புறந்தான் தண்ணி வந்துச்சு.”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரம் இருக்கும்?”

“இருவத்தஞ்சு நிமிஷம் சார்.” எதிரே இருந்த பலகையைப் பார்க்கக்கூட இல்லை. “எனக்கு நேரம் இருந்துச்சு.”

தண்ணீர் உடனே வந்தது என்று உலகத்தில் சொன்ன ஒரே ஆள் இப்போது இருபத்தைந்து என்கிறார். பொய் சொல்கிறவரின் குரல் இல்லை அது. தினமும் அந்தப் பலகையைப் படித்து, இருபத்தைந்து நிமிஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தன்னையே கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காமல் தானே ஒவ்வொன்றாக இட்டு நிரப்பியிருக்கிறார். ஷட்டருக்குக் கொஞ்சம், சிகரெட்டுக்குக் கொஞ்சம், காவல்காரருக்குக் கொஞ்சம். அன்றைக்கே அலையில் செத்துப்போன காவல்காரர் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. நாங்கள் வைத்த கணக்குக்கு ஏற்றபடி தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார். ஒரு விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

குழு என்ன முடிவு செய்தது என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தப் பதிவை அப்படியே ஒப்படைத்தோம். சாட்சி பல்டி அடித்துவிட்டார் என்று குழு கையை விரித்தது. பிறகு நாயாய் அலைந்து, கடலடிச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்துப் பரிசோதித்து, சரிவு அந்த நிலநடுக்கத்தின்போதுதான் என்று ஆனபிறகு பலகையில் ஒரு வரி சேர்த்தார்கள். 'அதற்கு முன்பும் அலை வரலாம்.' சின்ன எழுத்தில். அது போகட்டும்.

பட்டறையில் நான் ஒலிப்பதிவை நிறுத்தினேன். “முடிஞ்சதா சார்?” என்றார் வெல்டர். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்த களைப்புதான் தெரிந்தது.

மேடம் கைப்பையைத் திறந்து தன் கைப்பேசியை எடுத்தார். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அலைக்குப் பிறகு வெல்டர் பேசிய முதல் பதிவு, நிலையத்துக் கோப்பிலிருந்து எடுத்தது.

“மேடம்” என்றேன் மெதுவாக. “இத இவருக்குப் போட்டுக் காட்டினா, இனிமே இவர எந்தத் தரத்துலயும் சேக்க முடியாது. மறுபடி கேக்க வழியே இல்ல.”

“சேக்க வேணாம்” என்றார் அவர். “இவரு சாட்சி இல்ல. எங்க அத்தான்.”

கைப்பேசியை மேசைமேல், இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். இரைச்சல். காற்று அடிக்கும் சத்தம். பிறகு ஓர் இளைஞனின் குரல், தொண்டை கட்டிப்போய், அவசர அவசரமாக.

“ஒடனே வந்துருச்சு சார். ஆட்டம் நின்னுச்சு, நான் பாப்பாவ பெஞ்சுக்கடியிலேர்ந்து இழுத்தேன், வெளிய வந்தேன். ஷட்டர்லாம் தெறந்து கெடக்கு. ஐஸ் பாக்டரி பக்கம் திரும்பினேன் சார், போகத்தான் திரும்பினேன். முனைப் பக்கமா கறுப்பா தண்ணி வருது. பாக்டரி அப்பவே இல்ல. நான் பாத்தேன், அது அங்க இல்ல. திரும்பி ஓடினேன். செருப்புகூட இல்ல சார்.”

குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. கேள்வி கேட்டவர், யார் அழுகிறது என்று கேட்கிறார்.

“எம் பொண்ணு சார். கீழ எறக்கிவிட்டா அழறா. அன்னிக்குலேர்ந்து எறக்கிவிடவே விட மாட்டேங்குறா.”

பதிவு முடிந்தது. வெல்டர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வேறு யாரோ பேசுவதாக நினைத்தாரோ என்னவோ, குனிந்து அதன் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

“இது நானா?”

“நீங்கதான் அத்தான். அது நடந்த நாலாவது நாள் பேசினது.” மேடம் முக்காலியிலிருந்து எழுந்தார். “இருவத்தஞ்சு நிமிஷம் இல்ல. நாலு நிமிஷந்தான். நீங்க அப்பவே சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் எடுத்துக்கல. நான்தான் எடுத்துக்கல அத்தான்.”

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மன்னிப்பு அவருக்கு வேண்டியதாகவும் இல்லை. அவருக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்போ, காவல்காரரோட நான் நின்னு பேசலையா?”

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிகரெட் பிடிச்சேனே. நல்லா ஞாபகம் இருக்கே. நான் நின்னுட்டுதானே இருந்தேன்?”

வாசல் பலகை கிறீச்சிட்டது. பெண் எழுந்து உள்ளே வந்தாள். தேநீர்க் கோப்பை கையில் அப்படியே இருந்தது, ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அவர் எதிரில் வந்து நின்றாள்.

“நிக்கலப்பா” என்றாள். “நீங்க நிக்கவே இல்ல.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கம்மா இருந்த பக்கம் போகணும்னு திரும்பினேன் பாப்பா.”

“திரும்பினீங்கப்பா. என்னத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரும்பினீங்க. அவ்வளவுதாம்ப்பா நேரம் இருந்துச்சு.”